காலிக்குடத்தோடு உட்கார்ந்தவர்கள் மீதும் வழக்கு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு விட்ட ஏலம் 2025 ஜனவரி 23 அன்று ரத்தானபோது எங்கள் ஊரிலும் வெடி போட்டோம். அந்த மாதம் 7ஆம் தேதி அந்தச் சுரங்கம் வேண்டாமென்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தமுக்கம் வரை நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அனுமதி இல்லாமல் திரண்டதாக அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். ஏலம் ரத்தான சில நாளில், போராடிய 11,608 பேர் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் அது ஊர் உலகமே பார்த்த போராட்டம். யார் கண்ணிலும் படாத சின்னப் போராட்டங்களின் வழக்குகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், தொட்டி மோட்டாரில் காயில் எரிந்து எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. ஊராட்சியில் சொன்னோம். யூனியன் ஆபீசில் எழுதிக் கொடுத்தோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய்க் கலெக்டரிடமே மனுக் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தோம். அப்புறம்தான் காலிக்குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சிரமம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதிகாரிகள் வந்து பேசியதும் எழுந்துவிட்டோம். சொன்னபடி மோட்டாரும் மாட்டினார்கள்.

ஆனால் எழுந்தவர்களை வீட்டுக்கு விடவில்லை. வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மத்தியானம் ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம். சாயங்காலம் வாசலில் மேசை போட்டு, நீள நோட்டு ஒன்றில் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், ஆதார் எண், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். "சும்மா கணக்குக்குத்தாம்மா" என்றார் எழுதியவர். நம்பிப் போட்டோம்.

அந்த நோட்டில் என் தம்பி மகன் பெயரும் ஏறிவிட்டது. அவன் அம்மாவையும் இரண்டு குடத்தையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கியதுதான் அவன் செய்தது. இப்போது பாலிடெக்னிக் முடித்து, சிங்கப்பூர் வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். போலீஸ் விசாரணையில் 'வழக்கு நிலுவை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டில் போய்க் கேட்டால் அப்படி ஒரு வழக்கு நம்பரே இல்லை. இன்றுவரை குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை.

எஃப்.ஐ.ஆரில் இருப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அதிகாரியின் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்) ஆகிய பிரிவுகள். மூன்றில் எதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் தண்டனை கிடையாது. இப்படிப்பட்ட குற்றங்களை, தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டாமல், ஓராண்டுக்குப் பிறகு கோர்ட் விசாரணைக்கு எடுக்க முடியாது என்று வக்கீல் சொன்னார். அதுவும் 188இல் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடவே கூடாது, உத்தரவு போட்ட அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018 செப்டம்பரிலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. தீர்ப்புச் சொன்னது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அமைதியாகப் போராடுவது சட்டவிரோதக் கூட்டம் ஆகாது என்றும் அதில் இருக்கிறது. புதிய சட்டத்தில் 188 என்பது 223 ஆகியிருக்கிறது, நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர்கள் அழியவில்லை.

இதனால் என்ன ஆனது தெரியுமா? இப்போது குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ரேஷன் கடை பூட்டிக் கிடந்தாலும், கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. "பிள்ளை வேலைக்குப் போகணும்க்கா, என்னை விட்டுருங்க" என்கிறார்கள். ஒரு தடியடிகூட இல்லாமல் ஒரு ஊரின் வாயை அடைத்துவிட்டார்கள். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு எங்களுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. வழக்கைப் போட்டுவிட்டுப் பிற்பாடு பெருந்தன்மையாக வாபஸ் வாங்குவதை அந்த உரிமைக்கு ஈடாக ஏற்க என்னால் முடியவில்லை.

கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பெயர் பதிய மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேரைப் பலிவாங்கியது வெள்ளைக்காரப் போலீஸ். அந்த நினைவிடம் இதே மதுரை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே மாலை போட வரும் தலைவர்கள், தங்கள் ஆட்சியில் ரோட்டில் உட்கார்ந்த பெண்களிடம் நோட்டில் எழுதி வாங்கும் பெயர்கள் எங்கே போகின்றன என்று ஒரு தடவையாவது விசாரிக்க வேண்டும்.

தண்ணீர், ரோடு, ரேஷன், டாஸ்மாக் என்று கேட்டு உட்கார்ந்ததற்காகப் பதிந்து, ஓராண்டு தாண்டியும் குற்றப்பத்திரிகை போடாத வழக்குகளை மாவட்டக் காவல் துறை முடித்துவைக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் நீக்கி, சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் நிருபரை அனுப்பினால் கலெக்டர் ஆபீஸ் ரசீதையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்