குஞ்சு எத்தனை என்பது சரி, தகப்பன் எத்தனை?

ஆறுகளில் கெளுத்திக் குஞ்சு விடும் மீன்வளத் துறைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் கெளுத்தி குறைந்துவிட்டது என்று பேச்சு வந்தால் முதலில் நடப்பது குஞ்சு விடுவதுதான். இத்தனை லட்சம் விட்டோம் என்று அறிக்கையும் வந்துவிடும். அந்த லட்சத்துக்கும் எத்தனை ஆண், எத்தனை பெண் பெற்றோர் என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் இந்த மடல்.

பொரிப்பகத்து வேலை உங்களுக்குப் புதிதல்ல. கிளாரியஸ் வகைக் கெளுத்தியில் பெண்ணுக்கு ஹார்மோன் ஊசி போட்டுக் காத்திருந்து வயிற்றை நீவினால் முட்டை வந்துவிடும். ஆணிடம் அது பலிக்காது. எவ்வளவு நீவினாலும் விந்து சரியாக வராது. அதனால் ஆணைக் கொன்று, வயிற்றைக் கீறி, விந்தகத்தை எடுத்து நறுக்கிப் பிழிந்து, உப்புக் கரைசலில் கலந்து முட்டை மேல் ஊற்றுகிறார்கள். பார்த்துப் பார்த்து வளர்த்த ஆணை வெட்ட யாருக்கு மனசு வரும்? அதுவும் ஒரே ஆணின் விந்து பல பெண்களின் முட்டைக்குப் போதும் என்னும்போது? ஒன்றிரண்டு ஆணோடு வேலை முடிந்துவிடுகிறது. சந்தைக்கு வளர்க்கிற பண்ணைக்கு இது சிக்கனம்தான். ஆற்றுக்குப் போகிற குஞ்சுக்கும் இதே சிக்கனம் பார்ப்பதுதான் தொல்லை. விடுகிற குஞ்செல்லாம் ஒன்றிரண்டு தகப்பனின் பிள்ளைகளாகிவிடும்.

நாலைந்து ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. போதாது. எந்த ஆணின் விந்தணுவுக்கு வீரியம் அதிகமோ, அது பெரும்பங்கு முட்டையைப் பிடித்துக்கொள்ளும். மற்ற ஆண்கள் செத்தது வீண். முட்டையைப் பங்கு பிரித்து, பங்குக்கு ஒரு ஆண் என்று தனித்தனியாகக் கருவுறச் செய்ய வேண்டும். அப்புறம் தரம் பிரிப்பது இருக்கிறது. கெளுத்திக் குஞ்சு கூடப் பிறந்ததையே தின்னும். பெரிதும் சிறிதும் ஒரே தொட்டியில் கிடந்தால் மறுநாள் எண்ணிக்கை குறைந்திருக்கும். அதற்காகச் சிறியதைக் கழித்துக் கட்டுகிறோம். மெதுவாக வளரும் குடும்பம் ஒன்று அப்படியே முழுசாகக் கழிந்து போனாலும் யாருக்கும் தெரியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2 ஆண், 50 பெண் என்று வையுங்கள். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுப்பது மரபியலில் வழக்கமான கணக்கு. வருகிற விடையைப் ‘பயனுறு எண்ணிக்கை’ என்பார்கள். 400-ஐ 52-ஆல் வகுத்தால் 8கூட வரவில்லை. தொட்டியில் 52 பெற்றோர் இருந்தும், மரபணுப் பன்மையைக் காப்பாற்றும் திறனில் அவை எட்டு மீனுக்குச் சமம்கூட இல்லை. குறுகிய காலத்துக்காவது உள்ளினக் கலப்பின், அதாவது நெருங்கிய உறவு மீன்களே தங்களுக்குள் இணைவதன், கேட்டைத் தள்ளிப்போட இந்த எண் 50 இருக்க வேண்டும், நெடுங்காலத்துக்கு 500 வேண்டும் என்று 1980-லேயே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு அந்த எண்களே போதாது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

“ஆற்றில்தான் காட்டு மீன் இருக்கிறதே, அதோடு கலந்தால் சரியாகிவிடும்” என்பீர்கள். இதைத்தான் 1991-இல் ரைமன், லைக்ரே என்ற இரு மரபியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். விடை நேர்மாறாக வந்தது. அவர்கள் முறையில் ஒரு உதாரணம்: ஆற்று மீன்களின் பயனுறு எண்ணிக்கை 500, பொரிப்பகப் பெற்றோருடையது 10. அடுத்த தலைமுறையில் பாதி பொரிப்பகக் குஞ்சாக இருந்தால், மொத்தத்துக்கும் சேர்த்து அந்த எண் சுமார் 39-க்கு இறங்கிவிடும். பத்தில் ஒரு பங்குதான் பொரிப்பகக் குஞ்சு என்றால் 380 சொச்சம். அதாவது குஞ்சு நன்றாகப் பிழைத்து, திட்டம் ‘வெற்றி’ பெறப் பெறத்தான் சேதம் கூடுகிறது. எனக்கு இதில் பிடிபடாதது, முப்பது ஆண்டுக்கும் மேல் பழைய இந்தக் கணக்கு ஏன் இன்னும் திட்ட அறிக்கைகளுக்குள் வரவில்லை என்பதுதான்.

இன்னொன்று, எந்த மீன் என்பது. தாய்லாந்தில் உள்ளூர்ப் பெண் கெளுத்தியையும் ஆப்பிரிக்க ஆண் கெளுத்தியையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். சீக்கிரம் வளர்ந்தது, பண்ணையெல்லாம் பரவியது, தப்பித்து நீர்நிலைகளிலும் சேர்ந்தது. பிறகு சோதித்தபோது நீர்நிலைகளில் இயற்கையாக வாழ்ந்த உள்ளூர் இனத்திலேயே ஆப்பிரிக்க மீனின் மரபணு இருந்தது. முதல் தலைமுறைக் கலப்பைப் பின்தலை எலும்பின் வடிவத்தை வைத்து ஓரளவு அடையாளம் காணலாம். அது திரும்பவும் உள்ளூர் மீனோடு சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறை போய்விட்டால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வலை போட்டுப் பொறுக்கவும் முடியாது. ஒரே இனமாக இருந்தாலும் ஓர் ஆற்றின் மீனை இன்னோர் ஆற்றில் விடுவதில் இதே ஆபத்து சிறிய அளவில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பெற்றோர் மீன் எந்த ஆற்றில் பிடித்தது, ஆண் எத்தனை, பெண் எத்தனை, முட்டையைப் பங்கு பிரித்துக் கருவுறச் செய்தீர்களா என்பதை ஒவ்வொரு தொகுதிக்கும் எழுதி வெளியிடுங்கள். ஒவ்வொரு பெற்றோரின் துடுப்பிலும் நகக்கண் அளவு வெட்டி எத்தனால் குப்பியில் போட்டு வையுங்கள். பெண் மீனுக்குத் துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும். ஆண்தான் எப்படியும் சாகிறது. இன்று பரிசோதிக்கப் பணம் இல்லாவிட்டாலும் பத்து வருஷம் கழித்து அந்தத் துண்டு பேசும். காட்டு மீன் தானாக முட்டையிடும் இடங்களில் குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டு, முட்டையிடும் பருவத்தில் வலைக்குத் தடை போடுங்கள், வெள்ளம் பாயும் கரையோரப் பள்ளங்களை மண் கொட்டி மூடவிடாதீர்கள்.

பெற்றோர் கணக்கு கையில் இல்லாத தொகுதி ஏதாவது இப்போது தொட்டியில் இருந்தால், அதைத் தப்ப வழியில்லாத வளர்ப்புக் குளத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆற்றில் விட வேண்டாம்.

இப்படிக்கு,
ஆற்றுக் கெளுத்திமேல் அக்கறை உள்ள ஒருவன்