ஒன்றுக்கு எட்டா, ஐந்தா?

மண்டபம்,
மே 25

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. சோம்பல்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, அதனால் தம்பி திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருக்கிறான். நான் போட்ட கோல்டு ப்ரூ, அதாவது சுடவைக்காமல் பச்சைத் தண்ணீரில் தூளை ஊறவைத்து வடிக்கிற காபி, அத்தனையையும் முதலில் குடித்துப் பார்த்த புண்ணியவான் அவன்தான்.

அதற்குத் தூள் ஒரு பங்கு என்றால் தண்ணீர் எட்டுப் பங்கா, ஐந்து பங்கா என்று நீ கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். போட்டதை அப்படியே குடிப்பதென்றால் ஒன்றுக்கு எட்டு. ஐஸும் பாலும் சேர்ப்பதென்றால் ஒன்றுக்கு ஐந்து. ஆனால் எடைக்கணக்கு, டம்ளர் கணக்கு இல்லை. நான் கவிழ்ந்தது அங்கேதான். ஒரு டம்ளர் தூள், நாலு டம்ளர் தண்ணீர், கெட்டியாக வரும் என்று நம்பிப் போட்டேன், காலையில் பார்த்தால் கழுநீர். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல காபி எங்கண்ணே?" என்றான். அப்புறம் தராசில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் 200 கிராம் பிடிக்கிற டம்ளரில் தூள் 75 கிராம்தான் நிற்கிறது. ஆக நான் போட்டது ஒன்றுக்கு நாலே இல்லை, பத்தைத் தாண்டிவிட்டது!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தூள் தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்பியே தராது. 100 கிராமுக்கு 500 மில்லி ஊற்றினால் கைக்கு வருவது 300 சொச்சம்தான், அந்தச் சக்கையோடு நல்ல காபியும் கொஞ்சம் போய்விடுகிறது. சிக்கனம் பார்த்தால் ஒன்றுக்கு எட்டுதான் லாபம். ஆனால் இங்கே மே மாத வெக்கையில் ஐஸ் போட்டு ரெண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் பாதி கரைந்துவிடுகிறது, எட்டில் போட்டது பச்சைத் தண்ணீராகிவிடும். அதனால் எனக்கு ஐந்துதான். வடிகட்டிய பிறகு சக்கையில் 100 மில்லி ஊற்றி இன்னொரு தடவை வடித்துச் சேர்த்துக்கொள்கிறேன், கஞ்சத்தனம்தான், இருக்கட்டும்.

சிக்கரி கலந்த தூளைத் தொடாதே. அது சட்டென்று கரைந்து நிறத்தைக் கறுப்பாக்கிவிடும், விகிதம் சரியா தப்பா என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஃபில்டருக்கு அரைக்கிற நைஸும் ஆகாது, அடியில் சேறு மாதிரி தங்கும். குருணை பதத்துக்கு அரைக்கச் சொன்னால் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பிரிட்ஜில் 16 மணி நேரம் ஊறட்டும், வேட்டித்துணியில் வடி, பிழியாதே, பிழிந்தால் கசப்பும் மண்டியும் இறங்கும்.

தண்ணீர் விஷயம் உனக்குச் சொல்லவே வேண்டாம், கோயம்புத்தூரில் சிறுவாணியைக் குடித்துக்கொண்டு இருக்கிறாய். எங்கள் தெரு போர் தண்ணீரில் ஒரு தடவை போட்டேன், விகிதம் கச்சிதம், குடித்தால் கடல் வாடை. இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து வைப்பதோடு சரி, இல்லையென்றால் கேன்.

சர்க்கரை ஆறின காபியில் லேசில் கரையாது. சாயல்குடி கருப்பட்டியைப் பாகாக்கிப் பாட்டிலில் வைத்திருக்கிறேன், டம்ளருக்கு ஒரு ஸ்பூன். அம்மாவுக்கு அதுவும் பாலும் சேர்த்துக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "சரி, காபி எப்ப போடுவ?" என்று கேட்டாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, வாய் எப்போதும் போலத்தான்.

தடை முடிவதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ, அதற்கப்புறம் தம்பியைப் பிடிக்க முடியாது. வரும்போது கொட்டையாகவே அரைக் கிலோ வாங்கி வா, இங்கேயே அரைத்துக்கொள்ளலாம். தராசு என்னிடம் இருக்கிறது.

உன்
முத்து