முழங்கால் மடிப்பையும் பார், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

"லைம் டெஸ்ட் நெகட்டிவ்மா, வைரல் ஃபீவராத்தான் இருக்கும்" என்று உன்னிடம் காய்ச்சலோடு வந்த பையனைப் பற்றி நேற்று போனில் சொன்னாய். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உண்ணி கடித்து வருகிற இந்த லைம் நோய் விஷயத்தில் இதே வார்த்தையை நானும் ஒரு நோயாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் பிராக்டிஸ் தொடங்கிய புதிது. புதர்க்காட்டில் வேலை பார்த்தவர், ஒரு வாரமாகக் காய்ச்சல், உடம்புவலி. டெஸ்ட் நெகட்டிவ் என்றதும் பாரசிட்டமால் எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தார். முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கண்ணை மூட முடியவில்லை. தண்ணீர் குடித்தால் கடைவாயில் வழிகிறது என்று நனைந்த கைக்குட்டையைக் காட்டினார். அப்புறம்தான் அவர் மனைவி சொன்னார்: முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்ததாம், வலியில்லை, அரிப்பில்லை, தானாகவே மறைந்துவிட்டதாம். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி நான் பார்க்கவே இல்லை. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கில் தேறிவிட்டார். அந்தக் கைக்குட்டைதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

லைம் டெஸ்ட் தேடுவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை; அது ரத்தத்தில் தெரியவே சில வாரம் பிடிக்கும். ஆரம்பத்தில் வரும் நெகட்டிவை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதே. உண்ணி கடித்த 3 முதல் 30 நாளுக்குள் தோன்றி, நாளுக்கு நாள் பரவி 5 செ.மீ.யைத் தாண்டுகிற சிவப்பைப் பார்த்துவிட்டாயானால் டெஸ்ட்டே வேண்டாம், மருந்தைத் தொடங்கு. புத்தகத்துப் படம் மாதிரி வளையம் வளையமாக எல்லோருக்கும் வராது. கறுத்த தோலில் கன்றிப்போன காயம் போலவும் தெரியலாம். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார். அக்குள், இடுப்பு மடிப்பு, தலைமுடிக்குள், எல்லாம் பார்.

"உண்ணி கடித்ததா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். குட்டி உண்ணி கசகசா அளவுதான், கடிப்பதும் வலிக்காது. புல்வெளிக்குப் போனாயா, வீட்டில் நாய் உண்டா என்று கேள்.

லைமாவது கொஞ்சம் பொறுக்கும். உண்ணியால் வரும் இன்னொரு நோயான ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சல் பொறுக்காது. காய்ச்சல் தொடங்கி 5 நாளுக்குள் டாக்சிசைக்ளின் உள்ளே போயிருக்க வேண்டும், தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் புள்ளி வர 2 முதல் 4 நாளாகும், சிலருக்கு வரவே வராது. சந்தேகம் வந்தவுடன் கொடுத்துவிடு. குழந்தைக்குப் பல் கறையாகுமே என்று கை நடுங்க வேண்டாம், இந்தக் காய்ச்சலுக்கு எந்த வயதிலும் அதுதான் மருந்து.

கொடுத்தும் காய்ச்சல் இறங்காமல் ரத்தம் குறைந்துகொண்டே போனால் ஸ்மியர் போட்டு, ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார். உண்ணி பரப்பும் பேபீசியா என்ற ஒட்டுண்ணி மலேரியா மாதிரியே சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருக்கும். டாக்சிசைக்ளின் அதைத் தொடாது, அடோவாகோனும் அசித்ரோமைசினும் வேண்டும். ஒரே உண்ணி லைமையும் இதையும் சேர்த்தே கொடுக்கக்கூடும்.

1975இல், லைம் நோய்க்குப் பெயர் தந்த அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து லைம் ஊரில் பாலி மர்ரி என்ற ஓர் அம்மா, இத்தனை பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குகிறதே என்று சுகாதாரத் துறையிடம் போய்ச் சொன்னார். அதற்கு முன் பல டாக்டர்கள் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளியின் வீட்டுக்காரர்கள் பேசும்போது நீ இடைமறிக்காதே, கண்ணு.

நேற்று சொன்னாயே, அந்தப் பையனை இன்றே திரும்பக் கூப்பிடு. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார். சில வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடு. எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா