ழகரம் எந்த விசையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 22 ஆண்டுகளாக டைப்பிங் கடை நடத்துகிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் தமிழில் அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை மட்டும் காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிடுவேன். கலெக்டர் ஆபீஸில் அன்று மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். கொட்டாம்பட்டி, கீழவளவு பக்கமிருந்து வருகிறவர்கள் இங்கே இறங்கி, மனுவை அடித்து வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் ஏறுவார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கடைக் கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். பழையதற்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது, பணம் அனுப்பும் வேலையும் இதிலேயே பார்க்கிறீர்கள், மாற்றிவிடுங்கள் அக்கா என்று சர்வீஸ் பார்க்கும் தம்பி சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஃபைல்களைப் பத்திரமாக எடுத்துவைத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். பிரிண்டர் ஓடியது, இன்டர்நெட் வந்தது. தமிழில் ஒரு வரி அடித்துப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

திங்கள் காலை முதல் ஆளாக வெள்ளலூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் வந்தார். பட்டாவில் அவர் கணவர் பெயர் தப்பாக ஏறியிருக்கிறது. ழகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் என்று மகன்கள் பெயருக்கு நிலத்தை மாற்ற முடியாமல் கிடக்கிறது. அதைத் திருத்தித் தரச் சொல்லி மனு. ‘மதுரை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்’ என்று ஆரம்பித்தேன். திரையில் ‘மதுைர’ என்று விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் ‘மதுைர’. ‘கோயில்’ என்று அடித்துப் பார்த்தேன், ‘ேகாயில்’ என்று வந்தது. கொம்பு முன்னால் தனியாக ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு நின்றது.

இது ஏன் என்று சொல்ல வேண்டும். நான் 1994-ல் இங்கே இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சு இயந்திரத்தில் பழகி, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். இடது கையில் ய, ள, ன, க என்று தொடங்கும் வரிசை. ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டச்சு வகுத்த நாளிலிருந்து கொம்பைக் கையால் எழுதுகிற மாதிரியேதான் அடித்து வந்திருக்கிறோம். ‘ரை’ என்றால் முதலில் ஐகாரக் கொம்பு, அப்புறம் ர. கம்ப்யூட்டரில் எழுத்துகளைப் பதிந்துவைக்கும் பொதுவான முறையான யூனிகோடு வேறு. அதில் ர முதலில், கொம்பு பின்னால். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற விசைப்பலகை மென்பொருள்தான், நான் அடித்த கொம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, எழுத்து வந்ததும் அதற்குப் பின்னால் சேர்த்துவிடும். பல வருஷமாக அது செய்த இந்த வேலை என் கண்ணில் பட்டதே இல்லை. புதிய இயங்குதளத்தில் அதே பழைய மென்பொருள் திறந்தது, எழுத்தும் வந்தது, கொம்பைப் பிடித்து வைப்பது மட்டும் நின்றுபோயிருந்தது.

சரி, கம்ப்யூட்டரிலேயே இருக்கும் தமிழ் விசைப்பலகையை எடுக்கலாம் என்று மொழிப் பட்டியலைத் திறந்தேன். முதலில் வந்தது இன்ஸ்கிரிப்ட், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்தது. அடுத்தது தமிழ்99, தமிழுக்கென்றே வகுத்தது. எனக்கு ழ என்றால் வலது மோதிர விரல் மேலே போகும். தமிழ்99-ல் வலது சுண்டு விரல் கீழே இறங்க வேண்டும். இன்ஸ்கிரிப்டில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வகர விசையைத் தட்ட வேண்டும். ஒரே எழுத்துக்கு மூன்று இடம். அந்த அப்பத்தாவுக்கோ அந்த ஓர் எழுத்துதான் வழக்கே. “ஏந் தாயி, கரண்டு இல்லையா?” என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வெள்ளைத்தாள் எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன். அன்று காலை இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். நாலு பேருக்கு எழுதினேன், மற்றவர்கள் போய்விட்டார்கள்.

பழைய ஃபைல்களும் தொல்லை கொடுத்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு இல்லாததால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரிந்தது. எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் அது சரியாகிவிட்டது. ஆனால் பாமினியில் அடித்தது தாளில் அச்சடிக்கத்தான் உதவும். ஆன்லைனில் மனு ஏற்ற யூனிகோடுதான் வேண்டும். தட்டச்சு வரிசையில் ஒழுங்காக வேலை செய்யும் வேறொரு மென்பொருள் கிடைக்க வியாழக்கிழமை ஆகிவிட்டது.

தமிழ்99 நல்ல வரிசை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். தகரத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் தகரத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு அரசே ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைத்தான் பழக வேண்டும். ஆனால் அரசுத் தட்டச்சுத் தேர்வுக்கு எங்களைப் போன்றவர்கள் பழகியது இயந்திர வரிசையில். அந்தச் சான்றிதழை நம்பித்தான் வேலைக்கும் போனோம், கடையும் வைத்தோம். முப்பது வருஷம் பழகிய விரலை ஒரு சனிக்கிழமை இரவில் மாற்ற முடியாது.

தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் இலவசமாகத் தருகிறது. ரொம்ப நல்ல காரியம். இயங்குதளத்தின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வரும்போது, தட்டச்சு வரிசை, தமிழ்99 இரண்டையும் அதில் சோதித்து, எந்தப் பதிப்பில் எது ஓடும் என்று ஒரு பக்கத்தில் போட்டு, பத்திரிகையிலும் அறிவிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கோர்ட் வாசலிலும் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலிலும் டைப் அடித்துப் பிழைக்கும் எத்தனையோ பேருக்கு அது போய்ச் சேரும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்கிறேன். வேலையை முடித்து எழுந்திருக்கும் முன், கடைக்காரரை உட்காரவைத்து ‘மதுரை’, ‘கோயில்’, ‘தமிழ்’ மூன்றையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது.

அந்த அப்பத்தா போன வாரம் மறுபடி வந்தார். மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். அதில் அவர் கணவர் பெயர் ழகரத்தோடு சரியாக இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை நடத்தும் வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்.