எண்ணை மறைக்கும் வசதியை எடுத்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெயர் சொல்லாத தொலைபேசி அழைப்புகளால் அவதிப்படுவோரைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாதிக்கப்பட்டவர்களின் வேதனையைக் கட்டுரையாளர் உள்ளபடியே எழுதியிருக்கிறார். ஆனால், அழைப்பவர் தம் எண்ணை மறைத்துக்கொள்ளும் வசதியையே அடியோடு நீக்கிவிட வேண்டும் என்ற அவருடைய முடிவை, 30 ஆண்டுகளுக்கு மேல் தொலைபேசி எக்சேஞ்சில் வேலை பார்த்த என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய அழைப்புகளை நாங்கள் கையாலேயே தேடிப் பிடித்த காலம் உண்டு. டயல் செய்யும் எண்ணுக்கு ஏற்ப 'செலக்டர்' என்ற ஸ்விட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து இணைப்புத் தரும் பழைய ஸ்ட்ரோஜர் வகை எக்சேஞ்சில், புகார் கொடுத்தவரின் லைனுக்கு வரும் இணைப்பு, அழைத்தவர் போனை வைத்துவிட்டாலும் அறுந்துபோகாதபடி பிடித்துவைக்கும் ஏற்பாட்டைச் செய்திருப்போம். அழைப்பு வந்ததும் ஒருவர் டார்ச் விளக்கோடு ரேக்குகளுக்கு இடையே ஓடுவார். கடைசி செலக்டரில் தொடங்கி, அதற்கு இணைப்புத் தந்த முந்தைய செலக்டர் எது, அதற்கும் முந்தையது எது என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கிப் போவார். அழைப்பு வேறொரு எக்சேஞ்சிலிருந்து வந்திருந்தால், அங்கே இருப்பவரை எழுப்பி மிச்சத் தூரத்தை அவர் தேட வேண்டும். ஒருமுறை அப்படிப் போன தேடல், புகார் கொடுத்த அம்மையாரின் நெருங்கிய உறவினர் வீட்டு லைனில் போய் நின்றது. அதை அவரிடம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை; மேலதிகாரி வழியாகக் காவல் துறைக்குத்தான் அந்தத் தகவல் போகும். அழுதுகொண்டிருந்தவரிடம் வாய் திறக்க முடியாமல் நின்றது அன்று எனக்கு மிகவும் கொடுமையாக இருந்தது. ஆனால் விசாரணையில், அழைத்தது அந்த உறவினரே அல்ல, அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த வேறொருவர் என்று தெரிந்தது. நாங்கள் கண்டுபிடித்தது ஒரு லைனைத்தானே தவிர, ஆளை அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று அந்த ஓட்டம் தேவையில்லை. அழைப்பவர் எண்ணை மறைத்தாலும், அந்த எண் இணைப்புத் தகவலோடு வலையமைப்பு வழியே கடைசி வரை பயணம் செய்கிறது. கூடவே 'இதைக் காட்டாதே' என்ற குறி ஒன்றும் போகிறது. அந்தக் குறியைப் பார்த்து, பெறுபவரின் கருவிக்கு எண்ணை அனுப்பாமல் நிறுத்துவது மட்டுமே வலையமைப்பு செய்யும் மறைப்பு. நிறுவனத்தின் பதிவில் எண், நேரம், பேசிய கால அளவு எல்லாமே இருக்கும். அவசர உதவி மையங்களுக்குப் பல நாடுகளில் மறைக்கப்பட்ட எண்ணும் தெரியும்படிதான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் என் மகளுக்கு, இரவு 11.40 மணிக்கு மேல், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் அழைப்புகள் நாள் தவறாமல் வந்தன. தேதி, நேரம் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு அவள் சேவை மையத்துக்குப் போனபோது, "பிரைவேட் நம்பர் என்றால் எங்களாலும் எதுவும் பார்க்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரையில் தெரியாத எண் எங்குமே இல்லை என்று அவளும் நம்பித் திரும்பிவிட்டாள். எண் மறைந்திருந்ததைவிட, அந்த ஒரு பதில்தான் அவளுக்குப் பெரிய தீங்கு செய்தது.

அதே வசதியால் தப்பித்தவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கும் கணவனிடமிருந்து விலகி மறைவாக வாழும் பெண், பிள்ளையின் குரலைக் கேட்க அந்த வீட்டுக்கே போன் செய்ய வேண்டியிருக்கும். தற்கொலை எண்ணத்தோடு உதவி மையத்தை அழைப்பவரும், அலுவலக ஊழலை நிருபரிடம் சொல்ல வருபவரும், எண் தெரிந்துவிடும் என்றால் போனையே எடுக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு தரப்பையும் சேர்த்துக் காப்பது இயலாத காரியம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, எண்ணை இலவசமாக மறைக்கும் உரிமையை அழைப்பவருக்கும், எண் மறைத்து வரும் அழைப்புகளை ஏற்காமல் விடும் உரிமையைப் பெறுபவருக்கும் தருகிறது. தொல்லை அழைப்பைத் தேடித் தரும்படி பெறுபவர் விண்ணப்பித்தால், அந்த மறைப்பைத் தற்காலிகமாக விலக்கவும் இடம் தருகிறது. வட அமெரிக்காவில் தொல்லை அழைப்பு முடிந்த உடனே நட்சத்திரக் குறியும் 57-உம் அழுத்தினால், அழைத்த எண் பதிவாகும். ஆனால் அது காவல் துறைக்குத்தான் போகும், அழுத்தியவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியின் அருமை, மேலே சொன்ன உறவினர் வீட்டுச் சம்பவத்தைக் கண்ட எனக்குத் தெரியும்.

காவல் துறைக்கும் ஓர் எல்லை வேண்டும். அமெரிக்காவில் கொள்ளையடிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, தானே கொள்ளையன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் மிரட்டல் அழைப்புகள் செய்தான். நீதிமன்ற ஆணை இல்லாமலே காவல் துறையினர் அவனுடைய லைனில் டயல் செய்யப்படும் எண்களைப் பதியும் கருவியை வைக்கச் செய்தார்கள். டயல் செய்யும் எண்ணில் அந்தரங்கம் இல்லை என்று 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ஸ்மித் எதிர் மேரிலாந்து' வழக்கில் சொன்னது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நியாயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வாசகம் குற்றம் செய்யாத அத்தனை பேரையும் பாதுகாப்பின்றி விட்டது. 1986-இல்தான் இதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

எண்ணை மறைக்கும் வசதியை நீக்கினால் மட்டும் குற்றவாளி சிக்கிவிடவும் மாட்டான். இணையம் வழியாக அழைப்பவன் வேறு யாருடைய எண்ணையோ திரையில் காட்ட முடியும். அதை நம்பித் திருப்பி அழைத்தால், ஒன்றும் அறியாத ஒருவர்தான் ஏச்சு வாங்குவார். அத்தகைய அழைப்பை, ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவையும் பார்த்து, அதற்கு முந்தைய நிறுவனம் எது என்று பின்னோக்கித்தான் தேட வேண்டும். நாங்கள் செலக்டர் செலக்டராகப் போன அதே வழிதான். ஆனால் பதிவுகள் என்றென்றைக்கும் இருப்பதில்லை. தாமதமாக வரும் புகாரைத் தேடுவதற்குப் பதிவே மிஞ்சாமல் போகலாம்.

ஆகவே கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதுவாரானால், நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கின்றன, புகார் வந்த அன்றே அந்தப் பதிவை அழியாமல் தனியே எடுத்துவைக்கும் பொறுப்பு யாருடையது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை வெளியிடும்படி வேண்டுகிறேன். என் மகள் அந்த நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்ற நாளில், முந்தின இரவின் பதிவு அங்கே இருந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி எக்சேஞ்ச் ஊழியர் ஒருவர்