வசந்தாவுக்கு, வைஃபை பற்றி

மதுரை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. பேத்தியோடு வீடியோவில் பேச ஃபைபர் இணைப்பு வாங்கியதும் நல்ல காரியம்தான். ஆனால் இணைப்புக் கொடுக்க வந்த பையன் உன் செல்போன் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுத் தந்தான், மறக்கவே மறக்காது என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில், உன் எண் பால்காரரிடமும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் இருக்கிறது. எண் தெரியாதவனுக்கும் அது பெரிய தடை இல்லை. நாம் கணக்கு டீச்சர்கள், கணக்காகவே சொல்கிறேன். நம் நாட்டு செல்போன் எண் 6, 7, 8, 9 இந்த நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். உன் போன் ரவுட்டரோடு சேரும்போது இரண்டும் காற்றில் சில தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. தெருவில் நிற்கிற ஒருவன் அதை ஒரே ஒரு முறை பதிவு செய்துகொண்டால் போதும், மீதியை அவன் வீட்டில் வைத்துச் செய்துகொள்வான். வீடியோ கேமுக்கு வாங்குகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கும். வகுத்துப் பார். 4,000 விநாடி. சினிமாவில் இடைவேளை விடுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

எனக்கு இதெல்லாம் பட்டபிறகுதான் தெரிந்தது. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது கீழ் வீட்டுப் பையனுக்கு ஆன்லைன் வகுப்புக்காக என் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். கொடுத்ததற்கு இன்றும் வருத்தமில்லை, குழந்தை படித்தான். ஆனால் அவர்கள் வீடு மாறிப் போனபிறகும் நான் அதை மாற்றவில்லை. போன வருஷம் மாதத்தின் கடைசிப் பத்து நாள் இணையம் நத்தை மாதிரி நகர்ந்தது. தம்பி மகள் சென்னையிலிருந்து வந்தவள், போனில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் இணைந்திருக்கிற கருவிகளின் பட்டியலைக் காட்டினாள். எங்கள் வீட்டில் இருப்பது ஐந்து கருவிகள், பட்டியலில் பதினான்கு! ஒருவர் போனில் பாஸ்வேர்டு இருந்தால் கியூஆர் படமாக அடுத்தவருக்குக் காட்டிவிடலாமாம். அப்படியே கைமாறிப் போயிருக்கிறது. மாத டேட்டாவும் அதில்தான் தீர்ந்திருக்கிறது.

டேட்டா போனால் போகட்டும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் தீவிரவாதிகள் அனுப்பிய மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் தேடிப் போனது அவர் வீட்டைத்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தானே முதலில் கேட்பார்கள்? நீ அங்கே தனியாக இருக்கிறாய். எதிரே லாட்ஜ் வேறு. அந்த நினைப்புத்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

சரி, செய்ய வேண்டியது. அகராதியைக் கண்ணை மூடித் திற, விரல் பட்ட சொல்லை எழுது. இப்படி ஐந்து சொற்கள், அதுதான் உன் புதிய பாஸ்வேர்டு. பிள்ளைகள் பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம். அதை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடி, 63 எழுத்து வரை இடமுண்டு. பத்தாயிரம் சொற்களிலிருந்து ஐந்து என்றால் 1க்குப் பின்னால் இருபது சைபர். முன்னே சொன்ன அதே வேகத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அப்புறம், ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும், பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பட்டனாலோ பின் நம்பராலோ கருவிகளைச் சேர்க்கிற வசதி. அதை அணைத்துவிடு. எட்டு இலக்கப் பின் நம்பர்தானே, பத்து கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. போதாததற்கு, முதல் நான்கு சரியா என்பதை ரவுட்டர் தனியாகவே சொல்லிவிடும். ஆக 10,000 கூட்டல் 1,000. வெறும் 11,000 முயற்சி! 2011இல் இந்த ஓட்டை வெளியே வந்தது. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்துவிட்டதே என்று அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரவுட்டரில் பாதுகாப்பு வகை கேட்கிற இடத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடு, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. ரவுட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டு வேறு, பல ரவுட்டர்களில் அது 'அட்மின்' என்றே இருக்கும், அதையும் மாற்று. வைஃபை பெயரை மறைத்து வை என்று யாராவது சொன்னால் அதற்காக மெனக்கெடாதே, தேடுகிறவனுக்கு அது தெரிந்துவிடும்.

வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல உனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். அதற்கு 'கெஸ்ட்' என்று தனி இணைப்பு வைக்கலாம், வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. இப்போது மேல் வீட்டுப் பெண் பரீட்சைக்குப் படிக்க அதைத்தான் தந்திருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் அதை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றியபின் உன் போனிலும் டிவியிலும் புதிய பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும். பதறாதே. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு, போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஐந்து சொற்களையும் தாளில் எழுதி அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொள், எழுதி வைப்பதில் தப்பில்லை. என்னிடம்கூட அவை என்னவென்று சொல்லாதே.

அன்புடன்,
கமலா