அசால்ட்டா எழுதிடாதே மாது

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாது,

ரெண்டு மாசமா பதில் போடாதது என் தப்புதான், பொறுத்துக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம். பர்கூர் அண்ணன் அந்தப் பழைய பாக்கியைக் கேட்கச் சொன்னார், கேட்டுட்டேன்.

நீ தமிழாக்கி அனுப்பின மாந்தோப்புத் தகராறு புகாரைப் பார்த்ததும் மனசு பதறிப்போச்சு. வக்கீல் ‘அசால்ட்’னு எழுதின இடமெல்லாம் ‘அடித்தார்’னு போட்டிருக்கே. வேண்டாம்டா. நம்ம பேச்சுல ‘அசால்ட்டா முடிச்சான்’னா அலட்டிக்காம முடிச்சான்னு அர்த்தம். சட்டத்துல அதுவும் இல்லை, அடியும் இல்லை. எதிராளி மேல கையே படவேண்டாம். இதோ அடி விழப்போகுதுன்னு அவர் நினைக்கற மாதிரி கை ஓங்கினாலே அசால்ட்தான். முஷ்டியை ஆட்டறது, கடிநாயோட வாய்ப்பூட்டை அவிழ்க்க ஆரம்பிக்கறது, இதெல்லாம் சட்டத்துலயே இருக்கற உதாரணம்.

வெறும் வாய்ப்பேச்சு அசால்ட் ஆகாது. ஆனா ‘உன்னை வெளுக்கறேன் பாரு’ன்னு சொல்லிக்கிட்டே தடியை எடுத்தா, அந்தப் பேச்சு தடி எடுத்ததுக்கு அர்த்தம் கொடுத்துடும். பிடிச்சுத் தள்ளினா அது ‘கிரிமினல் ஃபோர்ஸ்’. வலி உண்டாக்கினா ‘ஹர்ட்’. அடிச்சதுக்கு இங்கிலாந்துக்காரங்க சொல்ற ‘பேட்டரி’ங்கற குற்றப்பேர் நம்ம தண்டனைச் சட்டத்துல கிடையாது. ‘அசால்ட்’ங்கற வார்த்தையோட லத்தீன் வேர்லயும் அடி இல்லை, ‘மேலே பாய்’ங்கறதுதான் இருக்கு.

அசால்ட்டுக்குப் புதுச் சட்டத்தோட 131-ஆம் பிரிவுல மூணு மாசம் வரை சிறை, இல்லேன்னா 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லே ரெண்டும். ஹர்ட்டுக்கு 115(2)-ல ஒரு வருஷம், 10,000 ரூபாய் வரை போகும். நீ ‘அடித்தார்’னு எழுதிட்டா காயம் எங்கேன்னு கேப்பாங்க. காட்ட ஒண்ணும் இருக்காது. நிஜமா நடந்ததும் பொய்யா நிக்கும். பாவம், புகார் கொடுத்த பெரியவர் என்ன பண்ணுவார்?

நீ போட்டிருக்கற 351-ங்கற பிரிவு எண்ணையும் சரிபாரு. 351 அசால்ட்டா இருந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல. 2024 ஜூலை 1-லேர்ந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 130. புதுசுல 351-னா கிரிமினல் மிரட்டல். சம்பவத் தேதியைப் பார்த்து எண்ணைப் போடு.

வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்பு. ‘அடிக்க மம்பட்டியை ஓங்கினார்’னு எழுது. இங்கிலீஷ்ல இருக்கற அந்த மம்பட்டியை நீ விட்டுட்டே, அதை மறக்காம சேர்த்துடு.

அன்புடன்,
முனியப்பன்